பேரும் அரைப்பேரும்

விளையாட்டையும் திரைப்படத்தையும் அரசியலோடு கலத்தல் ஆகாது என்று கூறுவோர் ஒருபுறம். அரசியல் கலவாத விளையாட்டும் இல்லை, திரைப்படமும் இல்லை என்று கூறுவோர் மறுபுறம். இவ்வழக்கு மிகப் பழையது. எனினும் இருதரப்பாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எந்த மக்களின் பெயரால் வழக்காடுகின்றனரோ, அந்த மக்களை அவர்கள் சாட்சிக்கு அழைப்பதே இல்லை. இதனை எமக்கு நன்கு உணர்த்தியது மழைக்கால மாலைப்பொழுது ஒன்று.

அது 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கை ‘800’ என்னும் பெயரில் திரைப்படமாகின்றது, அவர் வேடத்தில் விஜய் சேதுபதி நடிக்கின்றார் என்னும் விளம்பரம் வெளியாயிற்று. உடனே தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. தமிழினத்தின் துயரத்தைப் பொருட்படுத்தாத ஒருவரின் வேடத்தைத் தமிழ் நடிகர் ஏற்கலாமா என்று அரசியலாளரும் திரைத்துறையினரும் கேட்டனர். முரளிதரன் விளக்க அறிக்கை வெளியிட்டார், எதிர்ப்புத் தணியவில்லை. இறுதியில், தம் பொருட்டு நடிகரின் தொழில் பாதிக்கப்படலாகாது என்று கூறி, விலகிக்கொள்ளுமாறு அவரே கேட்டுக்கொண்டார். நடிகரும் நன்றி கூறி விலகினார். பின்னர் வேறொருவர் நடிக்க, 2023 அக்டோபரில் படம் வெளிவந்தது.

இந்த அமளி நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே நாம் அமர்ந்திருந்தோம். காம்பராவின் மூலையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் சென்னைக்காரர் நால்வர் உரத்த குரலில் விவாதித்துக்கொண்டிருந்தனர். மலையிலிருந்து இறங்கி வந்த அந்த வீட்டுப் பெண், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்தவாறு வாசலில் நின்று சிறிது நேரம் கேட்டார். எம்மிலும் மூத்தவர்; ஆயினும் எம்மை ‘மாஸ்டர்’ என்றே அழைப்பார்.

“முரளியத்தான் பேசுறாங்களா மாஸ்டர்?”

“ஆமாம் அக்கா. அவர் தமிழரா இல்லையா என்று பேசுகிறார்கள்.”

“அவரு பேர் எடுத்துட்டாரு, பேசுவாங்க. நமக்கு இன்னிக்கும் அரைப்பேர்தான்” என்று கூறிவிட்டு அடுப்படிக்குச் சென்றார்.

மலையகத்துக்கு வெளியிலுள்ள வாசகர்களுக்கு இச்சொற்களின் பொருளைக் கூற வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாட்சம்பளம். பிரட்டுக்களத்தில் பதிந்த பெயருக்கு நேரே, தோட்டம் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து சேர்ந்தால்தான் முழுப்பேர் விழும். சில தோட்டங்களில் அந்த நிறை 18 கிலோ. சிலவற்றில் அதற்கும் மேல். மழை பெய்தாலும், பற்றை வளர்ந்து கொழுந்து குறைந்தாலும், நிறை எட்டாவிட்டால் அரைப்பேர். அன்று அவர் பறித்தது ஈரக்கொழுந்து. ஈரத்துக்கென்று நிறுவையில் கழித்துவிட்டனர். காலை முதல் நனைந்தும், பேரில் பாதிதான் அவருக்குக் கிடைத்தது. ஒரு மனிதனின் பெயரையும் அவனது ஒருநாள் உழைப்பின் விலையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம்.

முழுப்பேருக்கு அந்நாளில் என்ன விலை? 2019 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். ஆயிரம் ரூபாய் வேண்டுமென்ற கோரிக்கை அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஒலித்துக்கொண்டிருந்தது. 2020 மார்ச் முதலாந் திகதியிலிருந்து ஆயிரம் தரப்படும் என்று அரசாங்கம் வாக்களித்தது. அத்திகதி வந்தது, போயிற்று. அக்டோபர் மாதத்திலும் அந்த ஆயிரம் வந்து சேர்ந்திருக்கவில்லை. தொலைக்காட்சியில் உரத்துப் பேசிய நால்வரில் ஒருவரேனும் இதனை அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

புகழ் பெற்றவன் தான் பிறந்த மக்களுக்குக் கடன்பட்டவனா? கடன்பட்டவனெனில் அக்கடன் யாது? அன்றிரவு முழுவதும் எம் மனத்தை அலைக்கழித்த வினா இதுதான்.

குற்றஞ்சாட்டுவோரின் தரப்பை முதலில் நேர்மையோடு கேட்போம். அது வெறும் ஆரவாரமன்று. 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் சென்று மக்களின் முறையீடுகளைக் கேட்டுத் திரும்பியபோது, அவர் தவறான தகவல்களை நம்பிவிட்டார் என்னும் பொருள்பட முரளிதரன் பேசினார். 2019இல் கோத்தாபய ராஜபக்ஷவுக்கு ஆதரவான மேடையிலே தோன்றினார். போர் முடிந்த 2009ஆம் ஆண்டைத் தம் மகிழ்ச்சிக்குரிய ஆண்டாக அவர் குறிப்பிட்டது பலரைப் புண்படுத்தியது. இரு பக்கத்திலும் உயிரிழப்பு நின்றதையே தாம் கருதியதாகப் பின்னர் விளக்கினார். அவ்விளக்கத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும், கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரத்தில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அந்த ஆண்டை எவ்வாறு நினைப்பர் என்று எண்ணிப் பார்த்திருந்தால், அவர் நாவிலிருந்து அச்சொல் அவ்வளவு எளிதில் வந்திருக்குமா? அத்தாய்மாரின் சினத்தை அரசியல் சூழ்ச்சி என்று ஒதுக்குவது அறமாகாது.

இனி மறுதரப்பைக் கேட்போம். முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தையார் கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். கலவரங்களில் தம் குடும்பம் பட்ட துயரை அவர் தமது அறிக்கையிலேயே குறிப்பிட்டார். 1977இலும், 1981இலும், 1983இலும் மலையகத் தமிழர் தாக்கப்பட்டனர். வடக்கில் மூண்ட பூசலுக்காக இரத்தினபுரியிலும் கண்டியிலும் பதுளையிலும் வாழ்ந்தோர் அடி வாங்கினர். பலர் உடுத்த துணியோடு வன்னிக்கு ஓடினர். பெரும்பான்மையினரின் நடுவே சிதறி வாழும் சிறுபான்மையினன் ஒருவனுக்கு மௌனம் என்பது பல வேளைகளில் கோழைத்தனமன்று. பிள்ளைகளைக் காக்கும் கூரை. மலையகத்தின் எத்தனையோ தந்தையர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கூரையின்கீழ் உட்கார்ந்திருந்தனர். கொழும்பிலோ சென்னையிலோ இலண்டனிலோ பத்திரமாக இருந்துகொண்டு, ‘ஏன் பேசவில்லை?’ என்று அவர்களைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

எனவே எமது முடிவு இது. மௌனத்துக்காக ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது. பந்து வீசும் திறமை பெற்றவன் பேச்சுத் திறமையும் பெற்றிருக்க வேண்டுமென்பதில்லை. தன் கலைக்கு வரியாக அவன் அரசியல் உரை ஆற்றவேண்டுமென்பதும் இல்லை. ஆனால் பேசத் துணிந்த பின் நிலைமை மாறிவிடுகின்றது. அதிகாரத்தில் உள்ளோருக்காக மேடையேறியவன், மேடைக்குக் கீழேயிருந்து எழும் வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவன். ‘நான் விளையாட்டுக்காரன், எனக்கு அரசியல் தெரியாது’ என்னும் சமாதானம் மௌனம் காத்தவனுக்குப் பொருந்தும், பேசியவனுக்குப் பொருந்தாது. இது புகழாளனுக்கென்று தனியாக விதிக்கப்பட்ட கடன் அன்று. எல்லாப் பிரஜைகளுக்கும் உள்ள கடனே. புகழ் அதனைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. குரலைப் பெருக்கிக் காட்டுகின்றது, அவ்வளவே.

அவ்வாறாயின் அந்த நடிகரை விலகச் செய்தது சரியா? சரியென்று எம்மால் கூற இயலவில்லை. சொல்லுக்குச் சொல்லால் விடை தரவேண்டும். படத்துக்கு விமரிசனத்தால் விடை தரவேண்டும். எடுக்கப்படாத படத்துக்குத் தீர்ப்பு எழுதும் வழக்கம் நிலைபெற்றுவிட்டால், நாளை அது யார் பக்கம் திரும்பும்? தடைகளால் மிகுதியும் துன்புற்றவர்கள் முற்போக்கு எழுத்தாளர்கள். அவர்களே தடையை வரவேற்பது முறையன்று.

இதுவரை கூறியது வழக்கின் ஒரு பாதியே. மறுபாதி, அந்தப் பெண் கூறிய அரைப்பேரில் இருக்கின்றது.

அந்த அக்டோபரில் சென்னையில் எழுந்த குரல்கள் யாவும் மலையகத் தமிழருள் ஒரே ஒருவரையே அறிந்திருந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் குறித்தோ, அடுத்த ஆண்டு பறிபோன வாக்குரிமையைக் குறித்தோ ஒரு சொல்லும் எம் காதில் விழவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9,75,000 மனிதரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டனர். அந்த மிகுதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எங்கே போக விருப்பமென்று அரசுகள் தம்முள் பேசிக்கொண்டபோது அந்த மக்களைக் கேட்டாரில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டோரும் அவர்தம் பிள்ளைகளும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் கொழுந்து பறிக்கின்றனர். அங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்’. தமிழ்ப் பற்று என்பது உண்மையாயின், அது முதலில் தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அந்த லயங்களுக்குச் சென்றிருக்க வேண்டாமா? ஒரு பந்து வீச்சாளரிடம் தமிழினக் கடனைக் கேட்டவர்கள், நீலகிரியிலுள்ள தம் சொந்தக் கடனை நினைத்துப் பார்த்தார்களா?

சென்னையை மட்டும் குறைகூறி எம்மை நல்லவராக்கிக்கொள்ள நாம் விரும்பவில்லை. நாமும் அதனையே செய்தோம். 2010 ஜூலை 22ஆம் நாள், காலி மைதானத்தில் தமது இறுதி டெஸ்ட் ஆட்டத்தின் இறுதிப் பந்தில் முரளிதரன் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தியபோது, ஹட்டன் கடைவீதியில் வெடி கொளுத்தியவர்களோடு நாமும் நின்றோம். ‘மலையகம் உலகை வென்றது’ என்று எழுதினோம். வென்றது மலையகமா? அன்றைக்குக் கொழுந்து பறித்தவரின் முழுப்பேர், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து 405 ரூபாய். அதனை நாம் அந்தக் கட்டுரையில் எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை. ஒருவரின் எண்ணூற்றைப் பல இலட்சம் பேரின் கணக்கில் வரவு வைத்தோம். அவர் தவறாகப் பேசியபோது, சிலர் அதே பல இலட்சம் பேரின் கணக்கில் பற்று எழுதினர். இரண்டும் ஒரே தவறுதான். ஒரு சமூகத்தை அதன் நட்சத்திரத்தின் வழியாக மட்டுமே பார்க்கும் தவறு.

‘இந்தப் பாமர மக்கள் நட்சத்திரங்களின் பின்னால் ஓடுகிறவர்கள்தாமே’ என்று படித்தவர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. 1917இல் கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆரைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடி, லயத்துச் சுவரில் அவர் படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவர்கள் எம் மக்கள். உண்மைதான். நாள் முழுதும் சரிவிலே நின்று, அட்டைக்கடியோடு திரும்புகின்றவர், மூன்று மணிநேரம் நீதி வெல்லும் ஓர் உலகத்தைப் பார்க்க விரும்பினால், அதற்காக அவரை நகையாடும் தகுதி நமக்கு உண்டா? மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடி, எரிந்த மன்மதனுக்காக லயம் முழுதும் கூடி அழும் மக்கள் அவர்கள். கூத்தை முடித்துவிட்டு மறுநாட் காலை பிரட்டுக்குச் செல்லவும் அவர்களுக்குத் தெரியும். கூத்து எது, வாழ்வு எது என்பதில் அவர்களுக்கு மயக்கமில்லை.

இதற்குச் சான்று வேண்டுமா? 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். எந்த வேட்பாளரை முரளிதரன் ஆதரித்தாரோ, அவருக்கு நுவரெலியா மாவட்டம் பெரும்பான்மை அளிக்கவில்லை. அங்கே முந்தியவர் சஜித் பிரேமதாச. முரளியின் பந்துக்குக் கைதட்டிய அதே மக்கள், அவர் காட்டிய பக்கம் புள்ளடி இடவில்லை. கைதட்டுவது வேறு, வாக்களிப்பது வேறு என்று வேறு பிரித்தறிந்தனர். இந்தத் தெளிவு தொலைக்காட்சியில் விவாதித்த நால்வரிடமும் இல்லை. எம்மிடமும் அன்று இல்லை.

இவர்கள் வாக்கின் அருமையை எவ்வாறு கற்றனர் என்பதையும் கூறவேண்டும். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இவர்கள். தலவாக்கலையின் உறுப்பினராகச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை கவிஞருமாவார். பின்னர் வாக்குப் பறிக்கப்பட்டு, மீண்டும் இம்மக்களின் பிரதிநிதி ஒருவர் தேர்தலில் வென்று அச்சபைக்குள் நுழைய 1977 வரை முப்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது. நாடற்றவர் என்னும் இழிவு முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. இவற்றுள் எதனையும் ஒரு நட்சத்திரம் பெற்றுத்தரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு நின்ற கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1977 மேயில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதைத் தடுக்க நின்ற சிவனு லெட்சுமணன் அவ்வாறே வீழ்ந்தார். இவர்களே பேர் எடுத்தவர்கள். உயிரைக் கொடுத்து எடுத்தவர்கள். கலையும் இப்போராட்டத்தில் பங்கு கொண்டது. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைத் தாமே பாட்டாகக் கட்டி, கூட்டங்களிற் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, சங்கத்திற் சேர்ந்தனர். பொழுதுபோக்கு மக்களை மயக்குவதா, விழிக்கச் செய்வதா என்பது, பாடுகின்றவர் அவர்கள் நடுவே நிற்கின்றாரா என்பதைப் பொறுத்தது.

முரளிதரனின் வாழ்விலிருந்தே நாம் கற்க வேண்டியது ஒன்றும் உண்டு; இந்த ஆரவாரத்தில் அது மறைந்துபோயிற்று. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் அவர் பந்து வீச்சு முறையற்றது என்று நடுவர் மீண்டும் மீண்டும் கைநீட்டினார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் இன்னொரு நடுவரும் அவ்வாறே செய்தபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை மைதானத்தின் எல்லைவரை அழைத்துச் சென்று நின்றார். தமிழ்ப் பந்து வீச்சாளருக்காகச் சிங்களத் தலைவர் நின்றார். தம் தோழனுக்கு இழைக்கப்படும் அநீதி தமக்கும் இழைக்கப்படுவதே என்று கருதி நின்றார். கோவிந்தன் கொல்லப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் முன் தொழிலாளரின் பக்கம் நின்று வாதிட்ட கொல்வின் ஆர். டி. சில்வாவும் சிங்களவரே. கூட நிற்பதற்கு இனம் தடையில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று. மைதானத்தில் கூடுமென்றால் தேயிலை மலையிலும் கூடும்.

எனவே முதல் வினாவுக்கே திரும்புவோம். புகழாளனுக்குத் தன் மக்களிடம் கடன் உண்டு; உண்மை பேசும் கடன், அல்லது பேசாதிருக்கும் அடக்கம். ஆனால் அரைப்பேரை முழுப்பேராக்கும் கடன் அவனுடையதன்று, அது நம்முடையது. அக்கடனைத் தீர்க்க முயலாதவர்களே, நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து நிறுத்தி அதன் தலையில் அதனைச் சுமத்துகின்றனர். சுமத்தியபின், அது சுமக்கவில்லை என்று கோபிக்கின்றனர். வீரன் ஒருவனை எதிர்பார்த்திருப்பதும், அவனைத் துரோகி என்று தூற்றுவதும், நாம் செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்க வழிசெய்யும் இரண்டு சாக்குகள்.

ஆயிரம் ரூபாய் 2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தலாக வந்தது. 2024இல் அடிப்படை 1,350 ஆயிற்று. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், வரவுக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 என்று அறிவிக்கப்பட்டது. தொகை உயர்வது நன்றே. ஆனால் அன்றைக்கு அந்தக் காம்பராவில் நாம் கேட்டது தொகையைப் பற்றிய முறையீடு மட்டுமன்று. பேரின் விலை உயர்ந்தாலும், நிறுவையில் கழிக்கும் கை கழித்துக்கொண்டேயிருந்தால் அரைப்பேர் அரைப்பேராகவே இருக்கும். ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, நிர்ணய நிறை எவ்வளவு என்பவற்றை முடிவு செய்யும் இடத்தில் கொழுந்து பறிப்பவளுக்கு ஓர் ஆசனம் உண்டா? சங்கங்களின் தலைமையில் எத்தனை பெண்கள் இருக்கின்றனர்? முரளிதரன் தமிழரா என்னும் வினாவுக்குச் செலவிட்ட மூச்சில் நூறில் ஒரு பங்கை இவ்வினாக்களுக்குச் செலவிடுவோமாக.

அன்றிரவு தேநீர் கொண்டுவந்து வைத்த அந்த அக்காவிடம், படம் வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டோம்.

“பாக்காம? நம்ம பக்கத்துப் புள்ள பந்து சுத்துறதப் பாக்க ஆசதான்” என்றார். பிறகு, “நாளைக்கு வெயில் அடிக்குமா மாஸ்டர்?” என்று எம்மைக் கேட்டார்.

தொலைக்காட்சியில் விவாதம் அப்போதும் முடிந்திருக்கவில்லை.